ஜூன் 30க்கு முன்: கடல் கடந்த உதவியும் ஆஸ்திரேலிய வரிக் கழிவும்

ஆஸ்திரேலியாவில் வாழ்ந்துகொண்டு வெளிநாட்டு நிவாரணத்துக்குப் பணம் தருகிறவர்களில் பலர், வரிக் கழிவைப் பற்றி யோசிப்பது ஜூலை மாதத்தில்தான். கணக்கர் "டொனேஷன் ஏதாவது உண்டா?" என்று கேட்பார். மின்னஞ்சலைத் துழாவி இரண்டு மூன்று ரசீதுகளை எடுத்துக் கொடுப்போம். அவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பித் தருவார். அப்போது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கழிவு உண்டா இல்லையா என்பது, பணம் நம் கையைவிட்டுப் போன அன்றே முடிவாகிவிட்டது. ஆகவே இந்த வேலையின் முக்கால் பங்கைக் கொடுப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும். அந்த முக்கால் பங்கைப் பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். ரிட்டர்னில் எண்ணை நிரப்புவது ஒரு நிமிட வேலை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்றே. பணம் யாருக்குப் பயன்பட்டது என்று ஏ.டி.ஓ. எனப்படும் ஆஸ்திரேலிய வரி அலுவலகம் முதலில் கேட்பதில்லை. யார் வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் கேட்கிறது. முல்லைத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட 2,000 டாலரை நேராக அந்தப் பள்ளியின் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறீர்கள். ஒரு சதம் பிசகாமல் கூரை எழும்பி நிற்கிறது. கழிவு கிடையாது. அதே பள்ளிக்கு, அதே கூரைக்கு, தகுதி பெற்ற ஓர் ஆஸ்திரேலிய அமைப்பு திட்டம் நடத்துகிறது. அந்த அமைப்புக்கு 2,000 டாலர் தருகிறீர்கள். முழுத் தொகைக்கும் கழிவு உண்டு.

இது அநியாயம் என்று கோபப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் வருமானத்திலிருந்து நன்கொடையைக் கழித்துக்கொள்ளும்போது, அதன் ஒரு பகுதியை இந்த நாட்டின் பொதுக் கருவூலம் சுமக்கிறது. அந்தப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல, இங்கே, இந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு ஆள் வேண்டும் என்று அரசு கேட்பது முறைதான். கடலுக்கு அப்பால் இருக்கும் பள்ளி முதல்வரை ஏ.டி.ஓ. கூப்பிட்டு விசாரிக்க முடியாது. இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் தானாக விளங்கும்.

அந்தத் தகுதிக்கு டி.ஜி.ஆர். என்று பெயர். வரிக் கழிவுக்குரிய நன்கொடையைப் பெற ஏ.டி.ஓ. ஒப்புதல் கொடுத்த அமைப்பு என்று பொருள். சில அமைப்புகளைச் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 1997ஆம் ஆண்டின் வருமான வரி மதிப்பீட்டுச் சட்டத்தில் 30ஆம் பிரிவு முழுக்க இதைப் பற்றியதுதான். டி.ஜி.ஆர். அமைப்புக்குத் தரும் நன்கொடை 2 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் கழிவு கேட்கலாம். வெளிநாட்டு உதவி செய்கிற அமைப்புகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் இந்தத் தகுதியைப் பெறுகின்றன. ஒன்று, வளரும் நாடுகளில் நிவாரணமும் மேம்பாட்டுப் பணியும் செய்வதற்கென்றே ஏற்பட்ட வெளிநாட்டு உதவி நிதி. இன்னொன்று, வறுமையிலும் துன்பத்திலும் இருப்பவர்களுக்கு உதவும் பொதுநல நிறுவனம் என்ற வகை, சுருக்கமாக பி.பி.ஐ. தானே களத்தில் இறங்காமல் வெளிநாட்டில் உள்ள கூட்டாளி அமைப்புகளுக்கு நிதி திரட்டித் தரும் நிறுவனமும் பி.பி.ஐ.யாக இருக்கலாம் என்று 2014இல் ஹங்கர் பிராஜெக்ட் ஆஸ்திரேலியா வழக்கில் ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு பல சிறிய அமைப்புகளுக்குக் கதவு திறந்தது. கொடுக்கிறவருக்கு எந்த வகை என்பது முக்கியமில்லை. தகுதி இருக்கிறதா என்பதே கேள்வி.

முதல் வேலை, அமைப்பின் சரியான பெயரையும், ஏ.பி.என். எனப்படும் அதன் ஆஸ்திரேலிய வணிக எண்ணையும் கண்டுபிடிப்பது. இந்தப் படியில் சறுக்குகிறவர்கள் மிக அதிகம், ஏனென்றால் ஒரே பெயரில் பல நாடுகளில் வெவ்வேறு நிறுவனங்கள் இயங்குகின்றன. யுனிசெஃப் ஆஸ்திரேலியா வேறு, நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட யுனிசெஃப் வேறு. ஆக்ஸ்ஃபாம் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபாமும் தனித்தனிச் சட்ட அமைப்புகள். பேரிடர்ச் செய்தியைப் பார்த்த பதற்றத்தில், தேடலில் முதலில் வந்த பக்கத்தில் கார்டு எண்ணைத் தட்டிவிட்டால், பணம் நல்ல இடத்துக்குப் போயிருக்கும், கழிவு போயிருக்கும். தளத்தின் அடிப்பகுதியில் ஏ.பி.என். என்று போட்டு 11 இலக்க எண் இருக்கிறதா, தொகை ஆஸ்திரேலிய டாலரில் கேட்கப்படுகிறதா என்று ஒரு கணம் பாருங்கள்.

அடுத்தது அந்த எண்ணைச் சோதிப்பது. இதற்கு ஏ.பி.என். லுக்கப் என்ற அரசுத் தளம் இருக்கிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. எண்ணை இட்டதும் அமைப்பின் பக்கம் திறக்கும். மேலே பெயர், எண் நடப்பில் இருக்கிறதா என்ற விவரம், மாநிலம், அஞ்சல் குறியீடு. பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கீழே இறங்கிப் போக வேண்டும். நடுவில் 'சாரிட்டி டாக்ஸ் கன்செஷன் ஸ்டேட்டஸ்' என்று ஒரு பகுதி வரும். அதில் வருமான வரி விலக்கு, ஜி.எஸ்.டி. சலுகை என்று தேதிகளோடு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஆகா, வரிச் சலுகை இருக்கிறது" என்று மூடிவிடக் கூடாது. அந்தச் சலுகை அமைப்புக்கு, உங்களுக்கு இல்லை. அது தன் வருமானத்துக்கு வரி கட்ட வேண்டாம் என்பதே அதன் பொருள். இன்னும் கீழே 'டிடக்டிபிள் கிஃப்ட் ரெசிப்பியன்ட் ஸ்டேட்டஸ்' என்ற தலைப்பு இருக்கிறது. நாம் தேடி வந்தது இதைத்தான். தகுதி உண்டென்றால், எந்தத் தேதியிலிருந்து, சட்டத்தின் எந்த இனத்தின் கீழ் என்று எழுதியிருக்கும். தகுதி இல்லையென்றால், வரிக் கழிவுக்குரிய நன்கொடைகளைப் பெற உரிமை இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.

இங்கே இரண்டு நுணுக்கம். தேதியைப் பாருங்கள்: தகுதி கிடைத்த நாளுக்கு முன்பு கொடுத்த பணத்துக்குக் கழிவு இல்லை, தகுதி பறிபோன பிறகு கொடுத்ததற்கும் இல்லை. இரண்டாவதாக, தகுதி அமைப்பு முழுவதற்குமா, அது நடத்தும் ஒரு குறிப்பிட்ட நிதிக்கு மட்டுமா என்று பாருங்கள். சில அமைப்புகள் பல வேலை செய்யும். மொழிப் பள்ளி, விளையாட்டுக் குழு, கலை விழா, இவற்றோடு தனியாக ஒரு வெளிநாட்டு உதவி நிதி. டி.ஜி.ஆர். தகுதி அந்த நிதிக்கு மட்டும் என்றால், அந்த நிதியின் பெயரில் அந்த நிதியின் வங்கிக் கணக்குக்குப் பணம் போக வேண்டும். பொதுக் கணக்கில் போட்டுவிட்டுக் குறிப்பில் 'நிவாரணம்' என்று எழுதினால் போதாது.

ஏ.சி.என்.சி. என்ற அறநிறுவன ஆணையத்தில் பதிவு செய்திருப்பதும் டி.ஜி.ஆர். தகுதியும் ஒன்றென்று நினைப்பது பரவலான குழப்பம். பதிவு பெற்ற அறநிறுவனங்கள் பலவற்றுக்கு டி.ஜி.ஆர். கிடையாது. நம்மவர்களுக்கு இது நேரடியாகப் படுகிற இடம் கோயில். சமயத்தைப் பரப்புவது சட்டப்படி அறப்பணிதான். ஆனால் அதற்காக மட்டும் இருக்கும் அமைப்புக்குப் பொதுவாக டி.ஜி.ஆர். தகுதி இல்லை. கோயில் உண்டியலில் போடுவதற்கும் கும்பாபிஷேக நிதிக்கும் பெரும்பாலும் கழிவு வராது. ஆனாலும் அதே கோயில் நிர்வாகம் தகுதி பெற்ற ஒரு நிவாரண நிதியையோ பள்ளிக் கட்டட நிதியையோ தனியாக நடத்தலாம். அப்போது அந்த நிதிக்குத் தருவதற்குக் கழிவு உண்டு. ஊகிக்க வேண்டாம்; எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தகுதி உறுதியானதும் அங்கேயே நின்றுவிடாமல், ஏ.சி.என்.சி. பதிவேட்டில் அந்த அமைப்பின் பக்கத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள். வரிக்கு இது தேவையில்லைதான். ஆனால் பணம் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை இருக்கிறவர் இதைத் தவிர்க்கக் கூடாது. எந்தெந்த நாடுகளில் வேலை செய்கிறார்கள், பொறுப்பில் இருப்பவர்கள் யார், ஆண்டறிக்கை நேரத்துக்குத் தாக்கலானதா, வரவு செலவு என்ன, எல்லாம் அங்கே இருக்கும். ஆண்டு வருவாய் 5 லட்சம் டாலருக்குக் கீழே உள்ள சிறிய அமைப்புகளிடம் தணிக்கை செய்த கணக்கை ஆணையம் கேட்பதில்லை. 5 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை கணக்கு மீளாய்வாவது செய்யப்பட வேண்டும். அதற்கு மேல் தணிக்கை கட்டாயம். சிறிய அமைப்பு தானாக முன்வந்து தணிக்கை செய்த கணக்கைப் போட்டிருந்தால், என்னைப் பொறுத்தவரை அது பெரிய நற்சான்று.

2019 ஜூலை முதல், வெளிநாட்டில் வேலை செய்யும் பதிவு பெற்ற அறநிறுவனங்களுக்கு வெளிநாட்டு நடத்தைத் தரநிலைகள் என்ற விதிகள் நடைமுறையில் உள்ளன. எந்த நாட்டில் என்ன வேலைக்கு எவ்வளவு செலவானது என்று ஆண்டுதோறும் பதிவு வைக்க வேண்டும். பணம் நியாயமான கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஊழலையும் மோசடியையும் தடுக்க ஏற்பாடு வேண்டும். குழந்தைகள் முதலான நலிந்தவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். "உங்கள் கூட்டாளி அமைப்பு எது, பணத்தை எத்தனை தவணையில் அனுப்புகிறீர்கள், ரசீது எப்படி வருகிறது?" என்று நீங்கள் கேட்டால், நல்ல அமைப்பிடம் பதில் தயாராக இருக்கும். கேட்பது அவமரியாதை இல்லை. கேட்கிற கொடையாளர்களால்தான் அமைப்புகள் ஒழுங்காக இருக்கின்றன.

இந்தியாவுக்குப் போகும் பணமென்றால் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள்: அங்கே வாங்குகிறவருக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கிறதா? வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் வந்தது. 2020 திருத்தம் அதை மேலும் இறுக்கியது. பதிவு பெற்ற அமைப்பு வெளிநாட்டுப் பணத்தை முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி பிரதான கிளையில் உள்ள கணக்கில்தான் பெற வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தர்மபுரியிலோ ராமநாதபுரத்திலோ கிராமத்துக்குள் வேலை செய்யும் சின்ன அமைப்பு இந்த நிபந்தனைகளைத் தாங்குவது கடினம். ஆகவே நீங்கள் இங்கே தருகிற பணம் அங்கே எந்தப் பதிவின் வழியாக இறங்குகிறது என்பது வெறும் சம்பிரதாயக் கேள்வி இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. இந்தியக் குடியுரிமையோடு சிட்னியிலோ மெல்பர்னிலோ இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக ஊருக்கு நன்கொடை அனுப்பினால், அந்தச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிய பிறகு, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை கையில் இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். பத்து வருடமாக ஊர் நூலகத்துக்கு அனுப்பி வந்தவர்கள் பாஸ்போர்ட் மாறியதும் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு நிலையிலும் ஆஸ்திரேலிய வரிக் கழிவு இல்லை. இந்திய வரிக் கழிவுக்காக அங்கே தரும் 80ஜி ரசீதை இங்கே நீட்டிப் பயனும் இல்லை.

இப்போது கொடுக்கும் கட்டம். நன்கொடை என்று ஏ.டி.ஓ. ஒத்துக்கொள்ள நான்கு அடையாளங்கள் உண்டு. பணமோ பொருளோ உண்மையில் கைமாற வேண்டும். மனமுவந்து தர வேண்டும். ஈகை நோக்கம் இருக்க வேண்டும். பதிலுக்குப் பொருட்பயன் எதுவும் பெறக் கூடாது. கடைசி அடையாளத்தில்தான் நமது சமூக நிகழ்ச்சிகள் பல அடிபடுகின்றன. நிவாரண இசை நிகழ்ச்சிக்கு 40 டாலர் டிக்கெட் வாங்கினால் அது டிக்கெட். பாட்டுக் கேட்கிறீர்கள், கொத்து ரொட்டி சாப்பிடுகிறீர்கள். கழிவு இல்லை. லாட்டரிச் சீட்டு, நிதிக்காக விற்கும் சாக்லேட், பேனா எதற்கும் இல்லை. ஆனால் டி.ஜி.ஆர். அமைப்பே நடத்தும் நிதி திரட்டும் விருந்துக்கு ஒரு தனி விதி உண்டு. ஒருவர் தருவது 150 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். அவருக்குத் திரும்பக் கிடைப்பதன் சந்தை மதிப்பு, தந்ததில் 20 சதவீதம், 150 டாலர், இந்த இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. 300 டாலர் இருக்கை, 50 டாலர் சாப்பாடு என்று வையுங்கள். 300இல் 20 சதவீதம் 60. சாப்பாடு அதற்குள் அடங்குகிறது. 50 போக மீதி 250 டாலருக்குக் கழிவு கேட்கலாம். சாப்பாட்டின் மதிப்பு 70 என்றால் ஒன்றும் கேட்க முடியாது. விருந்து ஏற்பாடு செய்கிறவர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு, சாப்பாட்டின் மதிப்பைக் கொடையாளருக்கு எழுதித் தர வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் வரும் வேண்டுகோள்கள் தனி வகை. "நம்ம ஊர்ப் பையனுக்கு ஆபரேஷன், ஆளுக்கு நூறு டாலர்" என்று வருவதற்குத் தாராளமாகக் கொடுங்கள், கழிவை எதிர்பார்க்காதீர்கள். குறிப்பிட்ட ஓர் ஆளுக்கு, உறவினருக்கு, நண்பருக்குத் தருவது வரிச் சட்டத்தில் கழிவுக்குரிய நன்கொடை இல்லை. இணையவழி நிதி திரட்டும் தளங்களும் பெரும்பாலும் அப்படித்தான். தளத்தின் ரசீது பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், பணம் கடைசியில் யார் கணக்குக்குப் போகிறது என்பதே கேள்வி. அதே ஆளுக்கான பணத்தை ஒரு டி.ஜி.ஆர். அமைப்பின் வழியாக அனுப்பிக் கழிவு வாங்கித் தரச் சொல்லி சிலர் கேட்பார்கள். பொறுப்புள்ள அமைப்பு இதற்கு மறுத்துவிடும், மறுக்கவும் வேண்டும். பணத்தை எங்கே, எப்படிச் செலவிடுவது என்ற முடிவு அமைப்பின் கையில் இருக்க வேண்டும். "வடக்கில் உள்ள பள்ளிகளுக்குப் பயன்படுத்துங்கள்" என்று விருப்பம் சொல்லலாம். "இன்னாருடைய கையில் கொடுங்கள்" என்று கட்டளை இட்டால், அமைப்பு வெறும் குழாயாகிவிடுகிறது.

பொருளாகத் தருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டி.ஜி.ஆர். அமைப்புக்குத் தரும் பொருள் கடந்த 12 மாதத்துக்குள் வாங்கியதாக இருந்தால், வாங்கிய விலை, சந்தை மதிப்பு இரண்டில் குறைந்ததைக் கேட்கலாம். 5,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள சொத்துக்கு ஏ.டி.ஓ.வின் மதிப்பீடு வேண்டும். பழைய துணிகளைப் பெட்டி கட்டிக் கப்பலில் நீங்களே அனுப்பினால், துணிக்கும் இல்லை, கப்பல் கூலிக்கும் இல்லை. விடுமுறை எடுத்துப் போய் முகாமில் வேலை செய்தாலும், உங்கள் நேரமும் விமானக் கட்டணமும் நன்கொடைக் கழிவில் வராது.

எப்போது தருவது? ஆஸ்திரேலிய நிதியாண்டு ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 முடிய. எந்த நிதியாண்டில் தருகிறீர்களோ அந்த ஆண்டுக் கணக்கில்தான் கழிவு. ஆகவேதான் ஜூன் மாதம் முழுக்க அறநிறுவனங்களின் மின்னஞ்சல்கள் வந்து குவிகின்றன. கடைசி நாள் இரவு வங்கி வழியாக அனுப்பினால், பணம் மறுநாள் போய்ச் சேர்ந்து ரசீதில் ஜூலை தேதி விழக்கூடும். ஒரு வாரம் முன்னதாக அனுப்பிவிடுவது நல்லது. சம்பளத்திலிருந்தே மாதந்தோறும் பிடித்துத் தரும் ஏற்பாடு உங்கள் அலுவலகத்தில் இருந்தால், பிடித்தம் செய்யும் வரியை அப்போதே குறைத்துக்கொள்ள முடியும். ஆண்டு இறுதிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு மிச்சமாகும் என்று ஒரு கணக்கு. கழிவு என்றால் தந்த பணம் முழுவதும் திரும்பி வரும் என்று அர்த்தமில்லை. வரிக்குரிய வருமானம் அந்த அளவு குறையும், அவ்வளவே. 2024–25 விகிதப்படி 45,001 டாலரிலிருந்து 1,35,000 டாலர் வரையிலான வருமானத்துக்கு வரி 30 சதவீதம்; அதோடு மெடிகேர் லெவி 2 சதவீதம். 90,000 டாலர் சம்பாதிக்கிறவர் 1,000 டாலர் தந்தால் 320 டாலர் வரி குறையும். 1,50,000 டாலர் சம்பாதிக்கிறவருக்கு விகிதம் 37 சதவீதம் என்பதால் 390 டாலர் குறையும். 18,200 டாலருக்குள் வருமானம் உள்ள மாணவருக்கு வரியே இல்லை. ஆகவே கழிவால் அவருக்குப் பயனும் இல்லை. ஆஸ்திரேலியாவில் கணவனும் மனைவியும் தனித்தனியாகத்தான் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். வீட்டில் பெரிய நன்கொடையை யார் பெயரில் தருவது என்பதைத் தருவதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ரசீது யார் பெயரில் இருக்கிறதோ, பணம் யாருடையதோ, அவர்தான் கேட்க முடியும். இருவரும் சேர்ந்து தந்தால் அவரவர் பங்குக்கு அவரவர்.

நன்கொடைக் கழிவால் வருமானத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கி நட்டம் காட்ட முடியாது. நிலமோ வீடோ விற்ற ஆண்டில் பெரிய தொகை ஒன்றைத் தருகிறவர்கள், கழிவை ஐந்து நிதியாண்டு வரை பிரித்து எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எந்த ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்ற முடிவை, நன்கொடை தந்த ஆண்டின் ரிட்டர்னைத் தாக்கல் செய்வதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

ரசீது வந்ததும் மூன்றைப் பாருங்கள்: நிதியின் அல்லது அமைப்பின் பெயர், ஏ.பி.என்., இது நன்கொடை என்ற வாசகம். தேதியும் தொகையும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்னஞ்சலில் வந்த ரசீதே போதும். ஏ.டி.ஓ. செயலியில் மைடிடக்‌ஷன்ஸ் என்ற பகுதி இருக்கிறது. ரசீதைப் படமெடுத்து அன்றே அதில் போட்டுவிட்டால் ஜூலையில் தேட வேண்டாம். ரசீது தொலைந்தால் அமைப்பிடம் மறுபடி கேளுங்கள்; பெரும்பாலும் தருவார்கள். இயற்கைப் பேரிடருக்காகத் தெருவில் வாளி ஏந்தி நிற்கும் தகுதி பெற்ற அமைப்பின் தொண்டர்களிடம் போட்ட பணத்துக்கு ரசீது கிடைக்காது. அதற்கு 10 டாலர் வரை ரசீது இல்லாமலே கேட்கலாம்.

பிறகு ரிட்டர்ன். மைகவ் என்ற அரசுத் தளத்தின் வழியாக மைடாக்ஸில் நுழைந்தால், கழிவுகள் பகுதியில் நன்கொடைகளுக்கென்று இடம் உண்டு. காகிதப் படிவத்தில் அது டி9. அமைப்பின் பெயரையும் தொகையையும் இடுங்கள். நன்கொடை ரசீது எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடாமல் தனித்தனியாகப் போட்டால், பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்வது எளிது. நீங்களே தாக்கல் செய்கிறீர்களென்றால் அக்டோபர் 31 கடைசி நாள். பதிவு பெற்ற வரி முகவர் வழியாகச் செய்தால் பெரும்பாலும் அடுத்த ஆண்டு வரை அவகாசம் கிடைக்கும். ஆனால் அக்டோபர் 31க்குள் அவரிடம் வாடிக்கையாளராகப் பதிந்திருக்க வேண்டும். தாக்கல் செய்த பிறகு ஐந்தாண்டு ரசீதுகளை வைத்திருக்க வேண்டும்.

தகுதி இல்லாத ஒரு குழுவாக ஊருக்கு உதவி வருகிறவர்கள், "நாமே டி.ஜி.ஆர். வாங்கினால் என்ன?" என்று கேட்கிறார்கள். முடியும். முதலில் சங்கமாகவோ, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகவோ சட்ட வடிவம் பெற வேண்டும். பிறகு ஏ.பி.என்.; பிறகு ஏ.சி.என்.சி. பதிவு, பிறகு டி.ஜி.ஆர். ஒப்புதலுக்கு விண்ணப்பம். வெளிநாட்டு உதவி நிதி என்ற வகைக்கு முன்பெல்லாம் வெளியுறவுத் துறையின் பரிசீலனையும் அமைச்சர் மட்டத்து ஒப்புதலும் தேவைப்பட்டன. 2024 ஜனவரி 1 முதல் அந்த நிர்வாகம் ஏ.டி.ஓ.விடம் வந்துவிட்டது. படி குறைந்ததே தவிரப் பொறுப்பு குறையவில்லை. நன்கொடைக்குத் தனிக் கணக்கு, களத்தில் பணியைக் கண்காணிக்கும் திறன், ஆண்டறிக்கை, எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு தொடர வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் கிழக்குக் கரைக்கும் உதவ எத்தனையோ பேர் திரண்டார்கள். அந்த வேகம் முதல் சில மாதம் இருக்கும். கணக்கு எழுதும் பொறுமை பத்தாவது ஆண்டிலும் வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால், அதே ஊரில் ஏற்கெனவே வேலை செய்யும் தகுதி பெற்ற அமைப்போடு சேர்ந்து, அதன் திட்டங்களில் ஒன்றாக உங்கள் பணியை முன்வைப்பது மேல். அந்த அமைப்பு திட்டத்தைத் தானே ஆராய்ந்து ஏற்றுக்கொண்டு, பொறுப்பையும் எடுத்துக்கொண்டால், உங்கள் குழுவினர் தரும் பணத்துக்குக் கழிவு கிடைக்கும், முறையும் தவறாது.

கழிவு இல்லை என்பதற்காக நேராகக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அக்காவின் மகள் படிப்புக்கும், ஊர் மருத்துவமனையில் ஒரு கட்டிலுக்கும் கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பணத்தையும் கழிவுக்குரிய பணத்தையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரித்து வையுங்கள். 1,000 டாலருக்குத் திரும்பி வரும் 320 டாலரை அப்படியே நேரடி உதவிக்கு ஒதுக்குகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். கையைவிட்டு மொத்தம் போவது 1,000 டாலர்தான். உதவியாகப் போய்ச் சேருவது 1,320.

ரிட்டர்ன் போட்ட பிறகு பழைய ரசீது ஒன்று கண்ணில் பட்டால் விட்டுவிட வேண்டாம். மதிப்பீட்டு அறிவிப்பு வந்ததிலிருந்து, தனிநபர்களுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் ரிட்டர்னைத் திருத்தலாம். மைகவில் அந்த ஆண்டின் ரிட்டர்னைத் திறந்து, திருத்தம் என்பதைத் தேர்ந்து, நன்கொடைத் தொகையைச் சேர்த்து மறுபடி அனுப்ப வேண்டும். அதற்கு முன் ரசீதில் உள்ள ஏ.பி.என். எண், நன்கொடை தந்த தேதியில் டி.ஜி.ஆர். தகுதியோடு இருந்ததா என்று லுக்கப் தளத்தின் வரலாற்று விவரப் பகுதியில் பார்த்துவிடுங்கள்.